புதுப்பிப்பு: மகளின் பின்னேர வகுப்பை நிறுத்திய பிறகு

ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகள் புலமைப்பரிசில் பரீட்சைக்கான பின்னேர வகுப்புக்குப் போகமாட்டேன் என்று அழுகிறாள், பள்ளிக்கூடத்தையே நிறுத்தி அவள் போக்கில் படிக்கவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பள்ளிக்கூடத்தை நிறுத்தவில்லை. நம் இலங்கையில் 5 வயது முதல் 16 வரை கட்டாயக் கல்வி, முன்பு 14 வரைதான் இருந்தது, 2016இல் கூட்டினார்கள். அவளுக்கும் சிநேகிதிகளை விட மனமில்லை. வகுப்பை மட்டும் நிறுத்தினோம், அதுவும் அவளோடு உட்கார்ந்து பேசித்தான்.

இப்போது பின்னேரங்களில் அம்மாயி, அதாவது என் அம்மா, பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும் இடத்துக்குப் போய் நிற்கிறாள். ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்று கேட்டு, துண்டுக் காகிதத்தில் தானே கழித்துப் பார்க்கிறாள். ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நாலரை கிலோ அளவில் பச்சைக் கொழுந்து வேண்டும் என்று கேள்விப்பட்ட இரவு, "அப்ப அம்மாயி இன்னைக்குப் பறிச்சது எத்தன கிலோ தூள் வரும்மா?" என்று வகுத்துக்கொண்டே இருந்தாள். தசமத்தைக் கண்டாலே அழுத பிள்ளை!

என் அம்மாவுக்குத்தான் பயம். "நாங்க படிக்காமத்தானே மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனோம், பிள்ளைய விட்டுறாத" என்கிறார். அந்தப் பயம் நியாயமானது, தோட்டத்து லயத்து வீடுகளில் வளர்ந்த யாரும் அதைத் தட்டிவிட முடியாது. அதனால் பரீட்சையைப் பற்றி மகளிடமே கேட்டோம். எழுதுகிறேன், வகுப்பு மட்டும் வேண்டாம் என்றாள். சரி, பழைய வினாத்தாள்கள் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், விரும்பிய நேரம் எடுத்துச் செய்கிறாள்.

ஹட்டன் பக்கம் இதே மாதிரி முயற்சி செய்கிறவர்கள் இருந்தால் எழுதுங்கள், ஞாயிறுகளில் பிள்ளைகளைச் சேர்ந்து விளையாட விடலாம்.