யார் யார் எங்கேயிருந்து வந்தோம்?

பொன்மலைக்காரன்:
திருச்சியில் எங்கள் பகுத்தறிவு வட்டம் மாதம் ஒரு ஞாயிறு கூடும். அச்சகத்து மாடி, இருபது பிளாஸ்டிக் நாற்காலி, சுண்டல், டீ. இந்த வட்டத்துக்கு யார் எங்கிருந்து வந்தோம் என்று எழுதலாமே என்று போன கூட்டத்தில் பேச்சு வந்தது. நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

நான் எங்கிருந்தும் வரவில்லை, இதிலேயே பிறந்தவன். தாத்தா பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர், கறுப்புச் சட்டைக்காரர். 1958இல் ஐயர் இல்லாமல், மாலை மாற்றி, மைக்கில் நாலு பேர் பேசிக் கல்யாணம். அப்போது அது சட்டப்படி செல்லாது. 1967இல் அண்ணா ஆட்சியில் திருத்தம் கொண்டுவந்து, முன்னே நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று ஆக்கினார்கள். "மூணு புள்ள பெத்த பெறவு கவர்மெண்டு எனக்குக் கல்யாணம் பண்ணி வச்சுது" என்பார் பாட்டி. இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே எனக்கு வட்டத்தில் ஒரு மிதப்பு இருந்தது.

அது இறங்கிய நாளைச் சொல்கிறேன். தாத்தாவிடம் அப்ரண்டிஸாக இருந்து, பிறகு ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர் ஒருவர் எங்கள் மூத்த உறுப்பினர். விடிகாலை நாலு மணிக்குப் போய்விட்டார். கண்களையும் உடலையும் கொடுப்பதாக எழுதி வைத்திருந்தார். நான் போகும்போது நம் நர்ஸம்மா டூட்டி முடித்து யூனிஃபார்மோடு வந்திருந்தார். முதல் வேலையாக ஃபேனை நிறுத்தினார். இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்தார், தலைக்கு இன்னொரு தலையணை கொடுத்து உயர்த்தினார். "கண்ணுக்கு ஆறு மணி நேரந்தான், ஃபோன் போடுங்க" என்றார். நானோ யார் யாருக்கு இரங்கல் செய்தி அனுப்புவது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது அவர் மனைவி, "தலமாட்டுல ஒரு வெளக்கு ஏத்தட்டுமா?" என்று கேட்டார். "வேணாம்மா, ஐயா ஒத்துக்க மாட்டாரு" என்றேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பாதிரியார் படிப்பைப் பாதியில் விட்டு வந்ததால் நாங்கள் பிரதர் என்று கூப்பிடுகிறவர் மூலையில் இருந்தார், எழுந்து வெளியே போனார். அப்போதுதான் திறந்த கடையிலிருந்து எண்ணெயும் திரியும் வாங்கி வந்து, தீப்பெட்டியை அந்த அம்மா கையில் கொடுத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

எட்டு மணிக்கு மருத்துவக் கல்லூரிக்கான படிவம் வந்தது. செத்தவர் என்ன எழுதி வைத்திருந்தாலும் வீட்டார் கையெழுத்து இல்லாமல் வாங்க மாட்டார்கள். பெரிய மகன் பேனாவைப் பிடித்துக்கொண்டு தயங்கினார். விளக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து அந்த அம்மாதான் முதல் கையெழுத்துப் போட்டார்.

முன்னாள் பிரதர்:
தம்பி, திரி வாங்கவில்லை, பஞ்சைத்தான் திரித்தேன். எண்ணெய் தேங்காய் எண்ணெய், கடையில் அதுதான் இருந்தது.

ஏழு வருஷம் குருமடத்தில் இருந்தேன். தத்துவம் படித்ததால் விசுவாசம் போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். படிப்பால் ஒன்றும் போகவில்லை. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவில் ஒரு சுவர் உண்டு. எங்கள் சாதி ஆட்களுக்குச் சுவருக்கு அந்தப் பக்கம், வாசலும் தனி. தாத்தாவை அந்த வாசல் வழியாகத் தூக்கிப் போனபோது நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். குருவானால் நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நானே போய் மந்திரிக்க வேண்டுமே என்று தோன்றியது. திரும்பிப் போகவில்லை. அம்மா இரண்டு வருஷம் பேசவில்லை. உனக்கு உன் தாத்தா கொடுத்தது, தம்பி. எனக்கு அப்படி இல்லை. கிறிஸ்துமஸ் ராத்திரி இன்னும் கோயிலுக்கு வெளியே பைக்கை நிறுத்திப் பாடகர் குழுவைக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன்.

ஓதுவார் மகள்:
அண்ணன் சொன்னதால் நானும் சொல்கிறேன். கூட்டத்தில் சுண்டலுக்கு வெங்காயம் நறுக்கும்போது வாய் தானாக ஒரு பதிகத்தை முணுமுணுத்தது. ஒரு தோழர், "இங்கயுமா?" என்றார். அப்பா நாற்பது வருஷம் ஓதுவார். வீட்டில் விடிவதே பண்ணோடுதான். நான் பாட்டை விட்டு வரவில்லை.

எங்கள் கல்யாணம் சாதி மாறியது, மதமும் மாறியது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டுவார்கள். ஒட்டிய மறுநாளே யாரோ அதை ஃபோட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று சாட்சி வேண்டும், சிநேகிதிகள் பயந்துபோய் ஒதுங்கிவிட்டார்கள். ஃபோர்மேன் ஐயா இஸ்திரி போட்ட சட்டையோடு காலை ஒன்பதுக்கே பதிவு அலுவலக வாசலில் நின்றார். அதுவரை எனக்கு இப்படி ஒரு வட்டம் இருப்பதே தெரியாது.

கொட்டப்பட்டு அண்ணை:
நான் 1990இல வள்ளத்தில வந்து இறங்கின ஆள். எங்கட அப்பாவுக்கு யாழ்ப்பாணம் சென்ட்ரல் கல்லூரியில ஆபிரகாம் கோவூர் படிப்பிச்சவர். கேரளாவில திருவல்லாவில பிறந்த மனுசன், எங்கட ஊரில வந்து வாத்தியார். பேய் ஓட்டுறவை, சாமியார்மார் ஆரெண்டாலும் ஒரு அற்புதத்தை ஏமாத்தில்லாமல் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் எண்டு 1963இல சவால் விட்டவர். ஒருத்தரும் வெல்லேல்லை. அப்பா சோறு தின்னேக்கையும் அந்தக் கதைதான்.

ஆனா உண்மையைச் சொன்னால் நான் கோவூருக்காக வரேல்லை. கொட்டப்பட்டு அகதி முகாமில எந்த நேரமும் பதிவு, விசாரிப்பு. "நீங்கள் ஆர், எங்க போறியள்?" எண்டு கேக்காத ஒரு இடம் ஞாயிற்றுக்கிழமைக்கு வேணுமாயிருந்தது. கடவுள் விசயத்தில எனக்கு இன்னும் ஒரு முடிவில்லை. ஒருத்தரும் அவசரப்படுத்தவும் இல்லை.

நைட் டூட்டி:
ஃபேனை நிறுத்தினது நான்தான். காற்றில் கருவிழி காய்ந்துவிடும், எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான் இன்னும் நோன்பு வைக்கிறேன். முப்பது நாளும் இல்லை, டூட்டியைப் பொறுத்து. அம்மா இருந்தவரை அம்மாவுக்காக வைத்தேன், இப்போது யாருக்காக என்று கேட்டால் பதில் இல்லை. "அப்ப நீங்க முழு மனிதநேயவாதி இல்லையே" என்று ஒருவர் கேட்டார். அரைதான், பரவாயில்லை என்றேன்.

மூன்று வருஷம் முன்னால் கூட்டம் ரமலானில் வந்தது. நாலு மணிக்கு டீ குடித்துக்கொண்டே பேசுவார்கள், நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் கூட்டம் ஏழு மணிக்கு என்று செய்தி வந்தது. தூக்கில் நோன்புக் கஞ்சி கொண்டு போனேன். ஃபோர்மேன் ஐயா மூன்று டம்ளர் குடித்தார், நாலாவதை அவரே ஊற்றிக்கொண்டு, "ஏம்மா, இத மாசாமாசம் வைக்க முடியாதா?" என்றார். நோன்பையா கஞ்சியையா என்று கேட்டேன். வாய் நிறையக் கஞ்சி, பதில் வரவில்லை.