கறிவேப்பிலைச் செடியில் புழு: பெயர் கண்டுபிடிக்க நல்ல தளம் எது?

மாடித்தோட்டம்:
எங்கள் கறிவேப்பிலைச் செடியில் காக்கா எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, தட்டிவிடப் போனால் நகர்கிறது! சில நாளில் அதுவே கொழுத்த பச்சைப்புழுவாகிவிட்டது. குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரட்டைக் கொம்பை நீட்டி நாற்றம் விடுகிறது. ஏழாவது படிக்கும் மகள் மருந்தடிக்க விடமாட்டேன் என்கிறாள். கூகுளில் தேடினால் பூச்சிமருந்து விளம்பரம்தான் கொட்டுகிறது. உருப்படியான தளம் ஏதாவது?

தும்பி77:
மகள் சொல்வதைக் கேளுங்கள், அது வண்ணத்துப்பூச்சியின் புழு. போட்டோ எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) தளத்தில் போடுங்கள். கணினி ஒரு பெயரை ஊகித்துச் சொல்லும், அப்புறம் ஆட்கள் பார்த்துத் திருத்துவார்கள், மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஒத்துக்கொண்டால்தான் அது ஆய்வுத்தரம் (ஆய்வுக்குப் பயன்படுத்தத் தக்க பதிவு) ஆகும். வீட்டிலிருந்து போடுவதால் இடத்தை மங்கலாக்கும் வசதியை மறக்காமல் போட்டுவிடுங்கள். மகளுக்குத் தனியாக என்றால் அவர்களுடைய சீக் (Seek) செயலி போதும், கேமராவைக் காட்டினாலே பெயர் சொல்லும், கணக்கே தொடங்க வேண்டாம்.

ஊர்க்குருவி:
சரிதான், ஆனால் கணினி சொல்லும் முதல் பெயரை அப்படியே அமுக்கிவிடாதீர்கள். கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற இரண்டு வண்ணத்துப்பூச்சிகளுமே இந்தச் செடியில் முட்டையிடும், புழுக்களும் ஒன்றுபோலவே இருக்கும். இப்போதைக்கு பாபிலியோ என்று பேரினத்தோடு (இரண்டுக்கும் பொதுவான குழுப்பெயர்) நிறுத்துங்கள். கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சி வெளியே வந்ததும் பின் இறக்கையில் வால் இருந்தால் பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகிக்கு வால் கிடையாது. அதிலும் கறிவேப்பிலை அழகியின் பெண் சிலசமயம் புழுவாக இருக்கும்போது ஆடுதீண்டாப்பாளைச் செடியைத் தின்று நஞ்சேறிய வேறொரு வண்ணத்துப்பூச்சி மாதிரி வேஷம் போட்டு வரும், பறவைகளே ஏமாறும்போது செயலி எம்மாத்திரம்! புழு, கூட்டுப்புழுப் படங்களோடு ஒப்பிட பட்டர்ஃபிளைஸ் ஆஃப் இந்தியா தளத்தைப் பாருங்கள், எந்தப் புழு எந்தச் செடியைத் தின்னும் என்றும் இருக்கும்.

தும்பி77:
ஆமாம், வாலை மறந்துவிட்டேன். இன்னொன்று, ஆய்வுத்தரம் கிடைத்த பதிவுகள் ஜிபிஃப் (GBIF) என்ற உலக உயிரினத் தரவுத்தளத்துக்கும் போகும் (உரிமத்தில் அனுமதித்திருந்தால்). அங்கே பெயரைத் தட்டினால் எங்கெல்லாம் பார்த்திருக்கிறார்கள் என்று வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் காட்டும், மகளுக்குப் பிடிக்கும். பறவை என்றால் மெர்லின் (Merlin) செயலி, குரலை வைத்தே பெயர் சொல்லும்.

மாடித்தோட்டம்:
நன்றி. நேற்றுப் புழுவைக் காணோம் என்று மகள் ஒரே அழுகை, கடைசியில் தொட்டி விளிம்புக்கு அடியில் கூடாகித் தொங்குகிறது. பாபிலியோ என்று மட்டும் பதிந்திருக்கிறோம். செடியில் இன்னும் நாலு எச்சம் நகர்கிறது, ரசத்துக்குக் கறிவேப்பிலை கடையில்தான் வாங்குகிறேன்.