கசுகா அடுத்து நிரப்பப் போகும் படிவம்

என்னை இந்த மங்காவுக்குள், அதாவது ஜப்பானியப் படக்கதைக்குள், இழுத்தது ஒரு கிண்ணம் சோறு. யுசாகி சகஓமி எழுதி வரையும் 'சுகுதாபெ'. முழுப் பெயரைத் தமிழில் சொன்னால், சமைக்க ஆசைப்படும் பெண்ணும் சாப்பிட ஆசைப்படும் பெண்ணும். சாப்பிட ஆசைப்படும் கசுகா ஓர் உணவகத்தில் பொரித்த கோழியும் சோறும் கேட்கிறாள். பெண்தானே என்று கடைக்காரர் தானாகவே சோற்றைக் குறைத்து வைத்துவிடுகிறார். அவள் சண்டை போடவில்லை. எல்லோருக்கும் வைக்கிற அளவே எனக்கும் வையுங்கள் என்கிறாள், அவ்வளவுதான். ஆண்களுக்கு நிறைய, பெண்களுக்குக் கொஞ்சம் என்று பரிமாறும் வீட்டில் வளர்ந்தவள் அவள். அந்தப் பக்கத்தை நான் நாலு தடவை படித்தேன்.

அதே கட்டடத்தில் இருக்கும் நொமோத்தோவுக்கு அண்டா நிறையச் சமைக்க ஆசை, சாப்பிடத்தான் ஆள் இல்லை. அப்படிச் சேர்ந்தவர்கள் காதலைச் சொல்லி, ஒரே வீட்டில் குடியேற வீடு தேடுகிற வரை கதை வந்துவிட்டது. இனி என்ன? கல்யாணம் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் ஜப்பானில் இரண்டு பெண்கள் சட்டப்படி மணந்துகொள்ள முடியாது. 2021 மார்ச்சில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் அப்படித் தடுப்பது அரசியலமைப்புக்கு முரண் என்றது, 2024-இல் அங்குள்ள உயர்நீதிமன்றமும் அதையே சொன்னது, ஆனாலும் சட்டம் மாறவில்லை. டோக்கியோ 2022 நவம்பரிலிருந்து இப்படிப்பட்ட ஜோடிகளுக்கு இணையர் சான்றிதழ் தருகிறது. அதை வைத்து அரசுக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம், வாரிசுரிமை மட்டும் வராது.

கதை அடுத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. ஆறு வருடம் ஒரே அறையில் என்னோடு இருந்த தோழிக்கு ஒரு ராத்திரி குடல்வால் வலி. ஆட்டோவில் கூட்டிப் போனேன். படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் தோழி என்று எழுதினேன். நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, "சொந்தக்காரங்க யாரும் வரலையாம்மா?" என்று கேட்டார். அவளுடைய அண்ணன் ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து கையெழுத்துப் போடும்வரை நான் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்றேன். அவளுக்கு என்ன மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று எனக்குத்தான் தெரியும், அண்ணனுக்குத் தெரியாது. நாங்கள் வெறும் தோழிகள். எங்களுக்கே இப்படி என்றால் காதலிக்கிறவர்களுக்கு?

நொமோத்தோ படுத்துக் கிடக்க, கசுகா அந்தக் கட்டத்தின் முன்னால் பேனாவோடு நிற்பதை யுசாகி வரைய வேண்டும். சோறு கேட்ட அதே குரலில் அவள் பதில் சொல்ல வேண்டும். அப்புறம் வீட்டுக்கு வந்ததும் கசுகாவே முட்டைக் கஞ்சி வைக்கட்டும். அளவு தெரியாமல் பானை நிறைய வைத்தாலும் சரி, முதல் கிண்ணம் நொமோத்தோவுக்கு.