சம்பங்கியா, வெனிலாவா

அண்ணி: துபாய் ஏர்போர்ட்ல இருக்கேன் போர்டிங்குக்கு ஒரு மணி நேரம் தான் இருக்கு, பாப்பா ரிசப்ஷனுக்கு சென்ட்டு வாங்கணும், கூச்சி ப்ளூம் எடுக்கவா அர்மானி மை வே எடுக்கவா சீக்கிரம் சொல்லுங்க

பாப்பா: ரெண்டும் வெள்ளைப் பூ வாசம் தானே அண்ணி

நான்: இல்ல பாப்பா நான் ரெண்டும் போட்டுருக்கேன். ப்ளூம் 2017ல வந்தது, சம்பங்கி மல்லி அதோட ரங்கூன் கொடி, நம்ம பழைய வீட்டு காம்பவுண்டு சுவர்ல கொத்து கொத்தா வெள்ளையா பூத்து அப்புறம் சிவப்பாகுமே அதே பூ தான். காம்போட பறிச்ச மாதிரி பச்சை வாசம். மை வே 2020, அதுலயும் சம்பங்கி இருக்கு, இந்திய சம்பங்கின்னே சொல்லி விக்கிறாங்க, ஆனா முதல்ல ஆரஞ்சுப் பூ, போகப் போக வெனிலா தான் நிக்கும்

பெரியம்மா: சம்பங்கியவா சென்ட்டு பண்றாங்க

நான்: ஆமா பெரியம்மா, மாலை கட்டுற அதே சம்பங்கி

பெரியம்மா: அது பறிச்ச பிறகும் வாசம் விட்டுக்கிட்டே இருக்குமே, சாயங்காலம் ஆக ஆக தான் கூடும். அத ஒரு கூடை வீட்டுல வச்சா ராத்திரி தெரு முனை வரைக்கும் மணக்கும்

அண்ணி: கடைல சென்ட்டு அடிச்சுக் குடுத்த பேப்பர்ல மோந்து பாத்தா மை வே தான் பிடிச்சிருக்கு எனக்கு

நான்: பேப்பர் வேணாம் அண்ணி, ஒரு கைல ஒண்ணு இன்னொரு கைல இன்னொண்ணு அடிச்சிட்டு தேய்க்காம அரை மணி நேரம் நடங்க, அப்புறம் மோந்து பாருங்க

அத்தை: கல்யாணப் பொண்ணுக்கு தலை நிறைய மல்லி இருக்கும் அதுக்கு மேல எதுக்கு சென்ட்டு

பாப்பா: முகூர்த்தத்துக்கு பூ தான் அத்தை. ரிசப்ஷனுக்கு தலைய விரிச்சு விடுறேன், பூ வைக்கல

பெரியம்மா: பூ இல்லாமயா நிப்ப 😔

நான்: அப்ப ப்ளூம் தான் பாப்பா, தலைல இல்லாத பூ மேல இருக்கட்டும். மை வே நல்ல சென்ட்டு தான், டிசம்பர்ல ஆபீஸுக்கு போட்டுக்கலாம், இந்த வைகாசி வெயில்ல அந்த இனிப்பு எனக்கு நெஞ்சை அடைச்சிடுச்சு

அண்ணி: அரை மணி ஆச்சு. மை வே கை கேக் மாதிரி இருக்கு. ப்ளூம் கை பெரியம்மா வீட்டு பூஜை ரூம் மாதிரி இருக்கு

பாப்பா: அதையே எடுங்க அண்ணி ❤️

நான்: 50 எம்எல் போதும்

அண்ணி: பில் போட்டாச்சு

பெரியம்மா: வந்ததும் எனக்கும் கைல கொஞ்சம் அடிச்சு விடும்மா