301 வந்த இணைப்பைத் திருத்த வேண்டுமா?

பாயான்லெப்பாஸ்காரன்:
கடந்த ஞாயிறு பிரிக்ஃபீல்ட்ஸில் பசியாறிவிட்டு நம் கட்டற்ற மென்பொருளின் ஆவணங்களில் உள்ள இணைய இணைப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, "301 வந்தால் இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று பொருள், அதில் கை வைக்க வேண்டாம்" என்று செந்தூல்வாசி எல்லார் முன்னிலையிலும் கூறினார். புதியவர்கள் இருந்ததால் அன்று நான் வாய் திறக்கவில்லை. அது தவறு. 301 என்பது, பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று இணையச் சேவையகம் எண்ணாகத் தரும் அறிவிப்பு. வீடு மாறியவருக்குப் பழைய முகவரியிலேயே கடிதம் போட்டுக்கொண்டிருப்பது பராமரிப்பு ஆகாது.

செந்தூல்வாசி:
சொன்னதில் ஒரு சொல்லையும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை. ஆவணங்களை உருவாக்கும் ஸ்ஃபிங்க்ஸ் கருவியின் இணைப்புச் சோதனையான லிங்க்செக்கை ஓட்டினால், உடைந்தவற்றை வேறாகவும் ரீடைரக்ட் ஆனவற்றை (புதிய முகவரிக்குத் திருப்பிவிடப்பட்டவற்றை) வேறாகவும் காட்டுகிறது. இரண்டும் ஒன்றல்ல என்பதால்தான். பக்கமே இல்லை என்னும் 404-ஐத் திருத்தவே ஆள் இல்லாத இடத்தில் 301-க்கு வரிந்துகட்டிக்கொண்டு நிற்பது எந்த வகை அக்கறை? பினாங்கில் இன்றும் "கிரீன் லேன்" என்றால் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். பழைய பெயர் வேலை செய்கிறது.

பாயான்லெப்பாஸ்காரன்:
பழைய பெயர் தெரிந்த ஓட்டுநர் இருக்கும்வரை வேலை செய்யும். நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒரு களஞ்சியத்தின் (நிரல் தொகுப்பின்) பெயரை மாற்றினால் பழைய முகவரி புதியதற்குத் திருப்பிவிடப்படுகிறது. ஆனால் அதே பழைய பெயரில் இன்னொரு களஞ்சியம் உருவானவுடன் அந்த ரீடைரக்ட் அற்றுப்போகிறது. கணக்கின் பெயரையே ஒருவர் மாற்றிக்கொண்டால், கைவிட்ட பெயரை முன்பின் தெரியாதவர்கூட எடுத்துக்கொள்ளலாம். நம் நிறுவல் வழிகாட்டியின் இரண்டாம் படியில் இருப்பது அப்படிப்பட்ட இணைப்பு. நாளை அங்கே வேறொருவர் வைத்திருக்கும் நிரலை, நம்மை நம்பி ஒரு மாணவர் இறக்கி நிறுவினால் யார் பொறுப்பேற்பது? அன்றைக்கு லிங்க்செக் 301 என்றுகூடச் சொல்லாது. எல்லாம் சரி என்னும் 200-ஐச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும்.

பட்டர்வொர்த் மொழிபெயர்ப்பாளர்:
அண்ணன் இருவரும் என் பக்கத்தையும் கேட்க வேண்டும். பத்தியின் நடுவில் உள்ள முகவரியை மாற்றினால் ஆங்கில மூலச் சரம் (மொழிபெயர்க்க வேண்டிய மூல வரி) மாறிவிடுகிறது. மொழிபெயர்ப்புக் கருவியான கெட்டெக்ஸ்ட் என் தமிழ் வரிக்கு "ஃபஸி" (மறுபடி பார்க்க வேண்டியது) என்று குறியிடுகிறது. அந்தக் குறியை நான் நீக்கும்வரை வாசகருக்கு அந்தப் பத்தி ஆங்கிலத்தில்தான் தெரிகிறது. தைப்பூச விடுமுறையில் பாயான்லெப்பாஸ் அண்ணன் ஒரே கமிட்டில் (ஒரே தடவையாகப் பதிந்த மாற்றத்தில்) 43 முகவரிகளை மாற்றினார். ஒரு சொல்லும் மாறாத 31 பத்திகளை இரண்டு இரவுகள் உட்கார்ந்து மறுபடியும் திறந்து பார்த்தேன். முன்கூட்டி ஒரு வரி தகவல் வரவில்லை.

செந்தூல்வாசி:
இதைத்தான் சொன்னேன். உயிரோடு இருந்த 301-ஐத் தொட்டதால் தமிழ்ப் பக்கம் ஆங்கிலமாகிவிட்டது.

பாயான்லெப்பாஸ்காரன்:
தங்கை பட்ட பாடு உண்மை. ஆனால் அதற்குக் காரணம் 301-ஐத் திருத்தியது அன்று. முகவரிகளைப் பத்திக்குள்ளேயே எழுதி வைத்தது. ஸ்ஃபிங்க்ஸின் எக்ஸ்ட்லிங்க்ஸ் நீட்சியைக் கொண்டு அடிமுகவரியைக் கட்டமைப்புக் கோப்பில் ஒரே இடத்தில் வைத்துவிட்டால், அங்கே அதை மாற்றும்போது மூலச் சரம் அசையாது. சென்ற ஆண்டு நான் அனுப்பிய புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம்) அதற்காகத்தான். நான்கு மாதங்கள் கிடப்பில் போட்டுவிட்டு, "தேவையற்ற மாற்றம்" என்று இரண்டே சொற்களில் அதை மூடியவர் யார் என்பதைச் செந்தூல்வாசியே சொல்லட்டும்.

செந்தூல்வாசி:
மூடியவன் நான்தான். 28 கோப்புகளைத் தொட்ட அந்த மாற்றத்தில் பில்ட் (ஆவணங்களைத் தொகுத்து உருவாக்குவது) முடியவே இல்லை. அந்தப் பழங்கணக்கை இங்கே இழுப்பதால் 301-க்கு விடை வந்துவிடாது. 2022-இல் வந்த, இணையத் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 9110-ஐப் படியுங்கள். இனிமேல் புதிய முகவரியைப் பயன்படுத்துவது தகும் என்ற அளவில்தான் அது பேசுகிறது. கட்டாயத்தைக் குறிக்கும் பெரிய எழுத்துச் சொல் அந்த வரியில் இல்லை.

பாயான்லெப்பாஸ்காரன்:
1999-இன் ஆர்எஃப்சி 2616-இல் அதே இடத்தில் "ஷுட்" என்ற சொல் பெரிய எழுத்திலேயே இருந்தது. 2014-இல் 7231 வந்தபோதுதான் அது "ஆட் டு" என்று மென்மையானது. சொல் மென்மையானதால் "கை வைக்க வேண்டாம்" என்று எங்கே பொருள் வந்தது?

பிரிக்ஃபீல்ட்ஸ் மாணவர்:
ஐயா, இடையில் ஒரு வேண்டுகோள். "இணைப்பு" என்பது மின்னஞ்சலோடு அனுப்பும் கோப்பையும் குறிக்கிறது. ஆவணங்களில் "சுட்டி" என்று எழுதலாமே?

செந்தூல்வாசி:
மௌஸையும் சுட்டி என்றுதான் எழுதி வருகிறோம், தம்பி. "சுட்டியால் சுட்டியைச் சொடுக்குக" என்று படிப்பவர் என்ன செய்வார்?

பாயான்லெப்பாஸ்காரன்:
எந்தப் பெயரில் அழைத்தாலும் அது 301-ஐத் தருகிறது. ரீடைரக்ட் என்பது பழைய இடத்தின் உரிமையாளர் விரும்பும்வரை கிடைக்கும் உதவி. கூகுள் தன் குறுமுகவரிச் சேவையில் புதிய முகவரிகள் உருவாக்குவதை 2019-இல் நிறுத்தியது. செயலற்றுக் கிடந்த பழைய முகவரிகளை 2025 ஆகஸ்ட்டில் அணைத்தது. அவையும் அதற்கு முதல்நாள் வரை உயிரோடுதான் இருந்தன.

செந்தூல்வாசி:
நம் ஆவணங்களில் குறுமுகவரி ஒன்றும் கிடையாது.

பாயான்லெப்பாஸ்காரன்:
பங்களிப்பாளர் வழிகாட்டியின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். அதை எழுதியவர் நீங்கள்தான்.

பட்டர்வொர்த் மொழிபெயர்ப்பாளர்:
யார் மாற்றினாலும் ஒரு வாரம் முன்னதாக எனக்குச் சொல்லுங்கள் என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

பாயான்லெப்பாஸ்காரன்:
இன்று இரவு நிறுவல் வழிகாட்டியின் இரண்டாம் படிக்கு மட்டும் புதிய புல் ரிக்வெஸ்ட் அனுப்புகிறேன். மூடுவதாக இருந்தால் இந்த முறை காரணத்தை முழு வாக்கியத்தில் எழுதுங்கள்.

செந்தூல்வாசி:
அனுப்புங்கள். பில்ட் முடிந்தால் படிக்கிறேன். 301 உடைந்த இணைப்பு அன்று என்பதே அப்போதும் என் பதிலாக இருக்கும்.