மஞ்சக்குப்பம் குடும்பம்: வாட்ஸ்அப் குழு

ஞாயிறு, இரவு 8:10

பெரியம்மா: பாண்டி கல்யாணம் முடிஞ்சு வந்து சேந்துட்டோம். ரெட்டிச்சாவடிகிட்ட இடது பக்கமா ஒரு பைக் வந்துச்சு. இவர் பாக்கவே இல்ல. நான் கத்தின பிறகுதான் பிரேக் போட்டார். ஒரு முழம்தான் இடைவெளி. இன்னும் எனக்கு கை நடுங்குது.

பெரியப்பா: 40 வருஷமா ஓட்டுறேன். ஒரு கேஸ் கிடையாது.

செந்தில்: அப்பா, இனிமே சாவியத் தொடாதீங்க.

பெரியம்மா: அப்படிச் சொல்லாதடா. முகமே வாடிப்போச்சு.

டாக்டர் கவிதா: செந்தில் அண்ணா, சாவி வாங்குறது கடைசி. பெரியப்பா, வண்டி ஓட்டுறீங்களான்னு உங்க டாக்டர் எப்பவாவது கேட்டிருக்காரா?

பெரியப்பா: 20 வருஷமா சுகருக்கு அவர்தான். இதைக் கேட்டதில்ல. லைசென்ஸ் புதுப்பிக்க சர்டிபிகேட் வேற ஒருத்தர்கிட்ட வாங்கினேன். நிமிந்துகூட பாக்காம கையெழுத்து போட்டார்.

டாக்டர் கவிதா: அதான் வயிறு எரியுது. 40 வயசு தாண்டினா லைசென்ஸுக்கு படிவம் 1ஏ-ல டாக்டர் கையெழுத்து வேணும். எதைப் பாத்து போடணும்னு எனக்கு காலேஜ்ல யாரும் செஞ்சு காட்டல. அமெரிக்க டாக்டர்கள் சங்கம் 2003-லயே இதுக்குன்னு ஒரு கையேடு போட்டுச்சு. அதைப் படிச்சுதான் நான் கத்துக்கிட்டேன்.

சித்தப்பா: கண்ணுதானேம்மா பாப்பீங்க?

டாக்டர் கவிதா: போர்டுல எழுத்து படிச்சா போதாது சித்தப்பா. கிளாக்கோமான்னு ஒரு கண் நோய் இருந்தா நேரா நல்லா தெரியும், பக்கவாட்டுல வர்றது தெரியாது. கழுத்து திரும்புதான்னு பாக்கணும். 10 அடி வேகமா நடந்து திரும்பி வரச் சொல்லி நேரம் பாக்கணும். மூளை சரியா யோசிக்குதான்னு பாக்க, தாள் குடுத்து கடிகாரம் வரைஞ்சு 11 மணி 10 நிமிஷத்துக்கு முள் வைக்கச் சொல்லணும். போன வாரம் ஒருத்தர் 12 நம்பரையும் வலது பக்கமே நெருக்கி எழுதினார். வெளிய அவர் ஸ்கூட்டர் நிக்குது. மனசு கேக்கல, அவர் பையனுக்கு போன் போட்டு வரவெச்சுதான் அனுப்பினேன்.

டாக்டர் கவிதா: பெரியம்மா, மாத்திரை டப்பாவ போட்டோ போடுங்க.

பெரியம்மா: 📷

டாக்டர் கவிதா: கிளிமிபிரைடு சுகர் மாத்திரை, அதைப் போட்டுட்டு சாப்பாடு தள்ளிப்போனா சுகர் இறங்கும். மதியம் சாப்பிட்டீங்களா? அல்பிரசோலம் எதுக்கு?

பெரியப்பா: பந்தி கூட்டமா இருந்துச்சு, சாப்பிடாமலே கெளம்பிட்டோம். அது ராத்திரி தூக்கத்துக்கு, போன மாசம் குடுத்தாங்க.

டாக்டர் கவிதா: அந்த மயக்கம் மறுநாளும் இருக்கலாம். நீங்களா நிறுத்தாதீங்க. டாக்டர்கிட்ட "நான் கார் ஓட்டுறேன்"னு வாய்விட்டு சொல்லுங்க, அவர் மாத்தித் தருவார். அடுத்த ஞாயிறு எங்க டாக்டர்கள் கூட்டத்துல இதையெல்லாம் செஞ்சு காட்டப் போறேன். அவரையும் கூப்பிடுறேன். நாங்க பத்துப் பேர் சொல்றத விட, அவர் ஒரு வார்த்தை சொன்னா நீங்க கேப்பீங்க.

பெரியப்பா: 📷 கடிகாரம் வரைஞ்சேன். சரியா இருக்காம்மா?

டாக்டர் கவிதா: முள் ரெண்டும் சரியா இருக்கு பெரியப்பா. எனக்கு கவலை அந்த இடது கண்ணுதான். தவளக்குப்பம் அரவிந்த் கண் ஆஸ்பத்திரில பார்வைப் பரப்பு, அதாவது பக்கவாட்டுல எவ்வளவு தூரம் தெரியுதுன்னு பாத்துடலாம்.

செந்தில்: கோவத்துல பேசிட்டேன்பா. புதன்கிழமை லீவு போட்டு வரேன், நான் ஓட்டுறேன்.

பெரியப்பா: வா. நீ வராட்டியும் நானும் அம்மாவும் பாண்டி பஸ்ல போயிடுறோம்.