'பிரெஸ்' என்று எழுதிய குண்டு துளைக்காத அங்கி செய்தியாளரைக் காக்குமா?

கேள்வி – இதழியல் மாணவி:
போரில் செய்தி சேகரிப்போரைப் பொதுமக்களாகவே கருத வேண்டும் என்று ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977ஆம் ஆண்டுக் கூடுதல் நெறிமுறை, 79ஆவது பிரிவில் கூறுகிறது. அப்படியிருந்தும் இத்தனை பேர் இறப்பது வழிதவறி வந்த குண்டுகளாலா, அல்லது குறிவைத்தே தாக்குகிறார்களா?

மறுமொழி – வவுனியா வாசகர்:
இரண்டும் நடக்கின்றன, இரண்டையும் பிரித்தறிவதுதான் கடினம். வெளிநாட்டுச் செய்தியாளர்கள் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னிக்குள் செல்ல இலங்கை அரசு தடை விதித்திருந்த காலத்தில் அங்கு சென்ற 'சண்டே டைம்ஸ்' செய்தியாளர் மேரி கொல்வின், 2001 ஏப்ரலில் இரவோடு இரவாகக் காட்டு வழியே திரும்புகையில், தாம் செய்தியாளர் என்று கத்திய பிறகும் இராணுவத்தினர் ஏவிய குண்டின் சிதறல் பட்டு இடது கண்ணின் பார்வையை இழந்தார். அந்த இருட்டில் அங்கியில் உள்ள எழுத்தை யார் வாசிப்பது?

மறுமொழி – முன்னாள் உதவி ஆசிரியர்:
அதே கொல்வின் 2012 பெப்ரவரி 22 அன்று சிரியாவின் ஹோம்ஸ் நகரில், பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரெமி ஓஷ்லிக்குடன் எறிகணை வீச்சில் கொல்லப்பட்டார். முந்தைய நாள்தான் அவர் அங்கிருந்தபடியே தொலைக்காட்சிகளுக்கு நேரலையில் பேசியிருந்தார். செய்தியாளர்கள் தங்கியிருந்த வீட்டை அறிந்தே தாக்கினார்கள் என்று கூறி, சிரிய அரசு முன்னிலையாகாத வழக்கொன்றில் அமெரிக்க நீதிமன்றம் 2019இல் 30 கோடி டாலருக்கும் மேல் வழங்குமாறு தீர்ப்பளித்தது. செய்தியை வெளியே கொண்டுசெல்லும் சமிக்ஞையே எதிரிக்கு முகவரியையும் காட்டிக்கொடுக்கக்கூடும் என்பதை அங்கி விற்பவர்கள் சொல்வதில்லை.

மாணவி:
அப்படியென்றால் அங்கியே பயனற்றதா?

மறுமொழி – முன்னாள் உதவி ஆசிரியர்:
இல்லை, சிதறல்களை அது தடுக்கும். உள்ளே கடினத் தகடு செருகியிருந்தால் துப்பாக்கித் தோட்டாவையும் தாங்கக்கூடும். ஆனால் 2022 மே மாதம் பாலஸ்தீன மேற்குக் கரையின் ஜெனினில் அல் ஜசீரா செய்தியாளர் ஷிரீன் அபு அக்லே, அங்கியும் தலைக்கவசமும் அணிந்திருந்தபோதே, தலைக்கவசத்துக்குக் கீழே குண்டு பாய்ந்து இறந்தார்.

மறுமொழி – வவுனியா வாசகர்:
வெளியிலிருந்து வருபவர் பணி முடிந்ததும் விமானம் ஏறிவிடலாம். பிபிசிக்குச் செய்தி அளித்துவந்த மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்துக்காரர். 2000 ஒக்டோபர் 19 அன்று, ஊரடங்கு நடைமுறையில் இருந்த இரவில், அவரைத் தேடி வீட்டுக்கே வந்து சுட்டுக் கொன்றார்கள். வீட்டில் எவரும் குண்டு துளைக்காத அங்கி அணிந்து உட்கார்ந்திருப்பதில்லை.